மார்ஃபாவில் வீடு மலிவா?

மாதம் பிறந்ததும் வீட்டு வாடகையை எண்ணி வைக்கவேண்டிய குடும்பஸ்தர் எவருக்கும், ஆயுளில் ஒரு தடவையாவது அந்த எண்ணம் தோன்றாமல் இராது. "இந்தப் பட்டணமும் வேண்டாம், இதன் இரைச்சலும் வேண்டாம், எங்கேயாவது கண்காணாத ஊரில் ஒரு சிறு வீட்டை வாங்கிக்கொண்டு போய் நிம்மதியாக இருந்துவிட்டால் என்ன?" என்பதுதான் அந்த எண்ணம். நம்மவர்கள் இந்த யோசனையைத் திண்ணையில் உட்கார்ந்து பேசியே தீர்த்துவிடுவார்கள். மறுநாள் காலையில் வழக்கம்போல் பஸ்ஸுக்குக் காத்து நிற்பார்கள். அமெரிக்க தேசத்தில் சங்கதி வேறு. அங்கே இந்த எண்ணம் வந்தவர்களில் பலர் உண்மையாகவே மூட்டை கட்டிவிடுகிறார்கள்.

ஹூஸ்டன் நகரத்தில் வெகு காலமாக உத்தியோகம் பார்த்துவரும் நண்பர் ஒருவர் சமீபத்தில் நமக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருந்தார். 2020-ஆம் வருஷத்துக் கொள்ளை நோய்க்குப் பிறகு, அவருடைய கம்பெனியில் பலருக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. கம்ப்யூட்டரும் மின்சாரமும் இருந்தால் போதும்; மனிதர் எந்த ஊரில் இருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லையாம். "ஆகவே இந்தப் பெருநகரத்தில் எதற்காகப் பணத்தைக் கொட்டி அழவேண்டும்? மேற்கே உயர்ந்த பாலைவனத்தில் மார்ஃபா என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கே வீடும் மனையும் கொள்ளை மலிவு என்று முன்பு ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். போய்விடலாமா? தங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டிருந்தார். கடிதத்தின் அடியில் அவருடைய மனைவியாரும் ஒரு வரி சேர்த்திருந்தார்: "அண்ணா, அந்த ஊரில் கறிவேப்பிலை கிடைக்குமா என்றும் விசாரித்து எழுதவும்."

அபிப்பிராயம் கேட்டால் சொல்லாமல் இருப்பது நம் தொழிலுக்கு அடாத காரியம். அந்த ஊரில் நாம் கால் வைத்ததில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் அதன் பூகோளத்தையும் சரித்திரத்தையும் துருவிப் பார்த்ததில், நண்பருக்கு மட்டும் எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாத சில விஷயங்கள் அகப்பட்டன. பிள்ளையோ மாப்பிள்ளையோ டெக்ஸாஸில் இருக்கும் குடும்பங்கள் நம் வாசகர்களில் பல இருக்கும். அப்படி இல்லாதவர்களும் மலிவான வீட்டைப் பற்றி யோசிக்காதவர்கள் அல்லவே!

முதலில் தூரத்தைச் சொல்லிவிடுவோம். டெக்ஸாஸ் ராஜ்யத்தின் மேற்கு மூலையில், மெக்ஸிகோ எல்லைக்கு 60 மைல் வடக்கே இருக்கிறது மார்ஃபா. ஹூஸ்டனிலிருந்து அங்கே போக ஏறக்குறைய 600 மைல். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய், அங்கிருந்து மதுரை வரையில் திரும்பி வந்தால் எவ்வளவு தூரமோ அவ்வளவு. இவ்வளவும் ஒரே ராஜ்யத்துக்குள்! பக்கத்திலுள்ள பெரிய நகரமான எல் பாஸோவே சுமார் 200 மைல். சென்னைக்கும் திருச்சிக்கும் உள்ள தூரம். மார்ஃபா தலைநகராக இருக்கும் பிரெஸிடியோ ஜில்லாவின் விஸ்தீரணம் சுமார் 3,850 சதுர மைல். இன்றைய தஞ்சாவூர் ஜில்லாவைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதில் 2020-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி வசித்தவர்கள் 6,131 பேர். மார்ஃபா ஊரில் 1,788 பேர். நம் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் நல்ல முகூர்த்த நாளில் இதற்குச் சற்றுக் குறைவான கூட்டத்தைப் பார்த்துவிடலாம்.

பாலைவனம் என்றதும் மணற்குன்றுகளையும் ஒட்டகங்களையும் நினைத்துக்கொள்ளவேண்டாம். சிவாவாப் பாலைவனம் என்று பெயர் பெற்ற இந்தப் பிரதேசம், மெக்ஸிகோவிலிருந்து வடக்கே அமெரிக்காவுக்குள் நீண்டு கிடப்பது. மார்ஃபா அதில் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 4,700 அடி உயரத்தில், சமமான புல்வெளியின் நடுவே இருக்கிறது. நம் ஏர்க்காட்டைவிடச் சற்றே தாழ்வு. ஆனால் ஏர்க்காட்டு மரமும் மஞ்சும் இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் வெளிறிய மஞ்சள் புல்லும், அடிவானத்தில் நீல மலைகளும்தான். வருஷத்துக்கு 15 அங்குலம் அளவில் மழை. சென்னையில் பெய்வதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் பெரும்பாலும் ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையே இடியும் மின்னலுமாக வந்துவிட்டுப் போகிறது. உயரமும் வறட்சியும் சேர்ந்திருப்பதால், கோடையில் பகலெல்லாம் வெயில் காய்ந்தாலும் இரவில் போர்வை தேட வேண்டியிருக்கும். குளிர்காலத்தில் நீர் உறைந்துபோகும்.

அந்த ஆகாயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் கொஞ்சம் கவிகளாகிவிடுகிறார்கள். அதில் மிகையொன்றும் இல்லை போலிருக்கிறது. மார்ஃபாவுக்கு வடக்கே ஃபோர்ட் டேவிஸ் ஊருக்கு அருகிலுள்ள மலைமேல் மக்டொனால்ட் வான ஆராய்ச்சி நிலையம் 1939-இல் திறக்கப்பட்டது. நட்சத்திரங்களை மறைக்கும்படி மின்விளக்குகளை மேல் நோக்கி எரியவிடக் கூடாது என்று சுற்று வட்டாரத்தில் சட்டதிட்டங்கள் இருக்கின்றன. 2022-இல் எல்லைக்கு அப்பால் மெக்ஸிகோ பக்கத்தையும் சேர்த்து, அந்தப் பிரதேசம் முழுவதும் இருள் காக்கும் வனமாக அங்கீகரிக்கப்பட்டது. இருட்டை ஒரு சொத்தாகக் காப்பாற்றுகிற ஊரைப் பற்றி நாம் இப்போதுதான் கேள்விப்படுகிறோம். மின்சாரம் தடைப்படும் நம் ஊர்களில் அதைச் சொத்தென்று யாரும் எண்ணியதில்லை.

இனி சரித்திரம். அந்த ஊரில் வீடுகள் ஏன் மலிவாயின என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

மார்ஃபா பிறந்தது 1880-களில், ரயில் வண்டிக்காக. நீராவி எஞ்சின்களுக்குத் தாகம் அதிகம். பாலைவனத்தில் ரயில் பாதை போட்டவர்கள் அவற்றுக்குத் தண்ணீர் பிடிக்க இடையிடையே நிலையங்கள் வைத்தார்கள். அவற்றில் ஒன்று இது. ஊரின் பெயர் ஒரு ருஷியப் பெண்ணின் பெயர். ரயில்வே அதிகாரி ஒருவரின் மனைவி, அப்போது படித்துக்கொண்டிருந்த ருஷிய நாவலிலிருந்து எடுத்துச் சூட்டினார் என்பது ஒரு கட்சி. ழூல் வெர்ன் எழுதிய 'மைக்கேல் ஸ்ட்ரோகாஃப்' கதையில் வரும் மார்ஃபா என்னும் தாயின் பெயர்தான் என்பது மற்றொரு கட்சி. நாவல் வாசிக்கும் பழக்கத்தால் ஒரு ஊருக்கே பெயர் கிடைத்தது என்பதில் நமக்குப் பரம திருப்தி. 1885-இல் ஜில்லாத் தலைநகராயிற்று. 1886-இல் கும்பமும் கோபுரமுமாகக் கட்டிய நீதிமன்றம் இன்றும் ஊர் நடுவே நிற்கிறது.

பிறகு மாடுகள் வந்தன. மாட்டுப் பண்ணைக்காரர்கள் செழித்தார்கள். மெக்ஸிகோவில் 1910-இல் புரட்சி மூண்ட பிறகு, 1911-இல் எல்லைக் காவலுக்கு ராணுவ முகாம் வந்தது. அது வளர்ந்து பெரிய கோட்டையாயிற்று. 1930 வாக்கில் ஊரின் ஜனத்தொகை 4,000-த்தை நெருங்கியது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது விமானப் பயிற்சித் தளம் ஒன்றும், கோட்டையில் ஜெர்மன் யுத்தக் கைதிகளும் இருந்தனர். கைதிகளுக்காக எழுதப்பட்ட ஜெர்மன் வாசகங்கள் அங்கே சுவர்களில் இன்றும் உள்ளன.

யுத்தம் முடிந்தது. 1946-இல் கோட்டையை மூடினார்கள். சிப்பாய்களை நம்பியிருந்த கடைக்காரரும், வண்ணாரும், ரொட்டி சுடுகிறவரும் பிழைப்பை இழந்தார்கள். அது போதாதென்று 1950-களில் டெக்ஸாஸை மகா வறட்சி ஒன்று பீடித்தது. ஏழு வருஷ காலம் வானம் பொய்த்தது. மாடுகளை விற்றார்கள், பிறகு நிலத்தை விற்றார்கள், பிறகு ஊரை விட்டே போனார்கள். இடையே 1955 கோடையில், 'ஜையண்ட்' என்னும் சினிமாப் படம் எடுக்க எலிஸபெத் டெய்லரும் ராக் ஹட்ஸனும் ஜேம்ஸ் டீனும் அங்கே வந்து இறங்கினார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. படம் எடுத்து முடிந்ததும் அவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் புறப்பட்ட பிறகும் வறட்சி மட்டும் போகவில்லை.

நண்பர் கேட்ட மலிவுக்குப் பிறப்பிடம் இதுவே. மலிவு என்பது அந்த மண்ணில் விளைந்த பண்டம் அல்ல. போனவர்கள் விட்டுச் சென்றது அது. கோட்டை மூடாமல் இருந்தால், மழை பெய்திருந்தால், அங்கே வீடு மலிவாகி இராது.

இந்த மலிவை மற்றவர்களுக்கு முன்னால் கண்டுகொண்டவர் டொனால்ட் ஜட் என்னும் சிற்பி. 1946 டிசம்பரில், பதினெட்டு வயதுச் சிப்பாயாக, கொரியாவுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் மேற்கு டெக்ஸாஸைக் கடந்தார். மார்ஃபாவுக்கு 70 மைலுக்குச் சற்று அதிகமான தூரத்திலுள்ள வான் ஹார்ன் என்ற ஊரிலிருந்து, இந்த இடம் வெகு அழகு என்று தாயாருக்கு ஒரு தந்தி அடித்தார். சிப்பாய்ப் பையன்கள் தாயாருக்குத் தந்தி அடிப்பது சகஜம். பாலைவனம் அழகு என்று காசு செலவழித்துத் தந்தி அடித்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

இருபத்தைந்து வருஷங்களுக்குப் பிறகு, நியூயார்க்கில் பெயரும் புகழும் பெற்ற நிலையில், 1971-இல் மார்ஃபாவுக்கு வந்து சேர்ந்தார். நியூயார்க் காட்சிசாலைகளில் சிற்பத்தை நாலு வாரம் வைப்பார்கள். பிறகு எடுத்துப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். ஓரிடத்தில் நிலையாக வைத்துப் பார்க்கத் தகுந்த விசாலமான இடம் அவருக்கு வேண்டியிருந்தது. அத்தகைய இடம் மார்ஃபாவில் ஏராளமாகக் கிடந்தது. முதலில் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்தார். 1973 முதல் ராணுவத்தார் விட்டுப்போன கட்டிடங்களை வாங்கத் தொடங்கினார். தம் வீட்டைச் சுற்றி, அந்த ஊர் வழக்கப்படி மண்கல்லால் ஒன்பது அடி உயரத்துக்கு மதில் எழுப்பினார். பிறகு ஒரு கலை ஸ்தாபனத்தின் பொருளுதவியால் கோட்டையின் பீரங்கிக் கொட்டகைகளும் கைக்கு வந்தன. இரண்டு கொட்டகைகளில் அலுமினியத்தால் செய்த நூறு பெட்டிகளை வைத்தார். வெளியளவில் நூறும் ஒன்றே. உள்ளே ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. பழைய கதவுகளை எடுத்துவிட்டுப் பெரிய கண்ணாடி ஜன்னல்களைப் பொருத்தியதால், காலை வெயிலில் ஒரு விதமாகவும் மாலை வெயிலில் வேறு விதமாகவும் அவை தோன்றுமாம். இதில் என்ன கலை இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நாமும் படத்தைப் பார்த்துவிட்டு அப்படித்தான் கேட்டோம். ஆனால் அந்த நூறு பெட்டிகளைப் பார்க்க உலகத்தின் நாலா பக்கங்களிலிருந்தும் மனிதர்கள் பாலைவனத்தைக் கடந்து வருகிறார்கள் என்பது கண்கூடு. 1986-இல் அந்த இடம் சினாட்டி ஸ்தாபனம் என்ற பெயரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஜட் 1994-இல் காலமானார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பார்க்க வந்தவர்களில் சிலர் தங்கினார்கள். தங்கினவர்களைப் பார்க்க நண்பர்கள் வந்தார்கள். ஹோட்டல்கள் எழுந்தன. பத்திரிகைகள் எழுதின. 2005-இல் இரண்டு சிற்பிகள் வாலண்டைன் என்னும் சிற்றூருக்கு அருகே, நெடுஞ்சாலையோரம், விலை உயர்ந்த பிராடா செருப்புக் கடை போலவே ஒரு போலிக் கடையைக் கட்டி வைத்தார்கள். கதவு திறக்காது, வியாபாரமும் கிடையாது. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வதற்காகவே ஜனங்கள் நூற்றுக்கணக்கான மைல் கார் ஓட்டி வருகிறார்கள். ஹூஸ்டனிலும் ஆஸ்டினிலும் வசிப்பவர்கள், வருஷத்தில் சில நாள் வந்து தங்க மார்ஃபாவில் இரண்டாவது வீடு வாங்கிக்கொண்டார்கள். வேறு சிலர் வீட்டை வாங்கி, இரவுக்கு இவ்வளவு என்று பிரயாணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். விலை ஏறியதில் வியப்பென்ன? வியப்பு வேறொன்றில் இருக்கிறது. இவ்வளவு பேர் வந்தும் ஊர் பெருகவில்லை. 2010-இல் 1,981 ஆக இருந்த ஜனத்தொகை, 2020-இல் 1,788 ஆகக் குறைந்துவிட்டது. வீட்டுக்குக் கிராக்கி ஏறிக்கொண்டே போகிறது. வீட்டில் குடியிருக்கும் மனிதர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று, அந்த வீடுகளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பழைய மார்ஃபாவின் வீடுகள் பல 'அடோபி' என்னும் மண்கல்லால் ஆனவை. களிமண்ணும் மணலும் வைக்கோலும் பிசைந்து அச்சில் வார்த்து, சூளையில் சுடாமல் வெயிலில் காயவைத்த கல். நம் நாட்டுக் கிராமத்துப் பச்சைக் கல்லுக்கும் அதற்கும் உறவு நெருக்கமானது. சுவர் நல்ல கனம். பகல் வெயிலை அது மெள்ள உறிஞ்சிக்கொள்கிறது. இரவில் குளிரும்போது மெள்ள வெளியே விடுகிறது. ஆதலால் உள்ளே பகலில் குளிர்ச்சி, இரவில் கதகதப்பு. ஆனால் தண்ணீர் அதற்குச் சத்துரு. சில வருஷங்களுக்கு ஒரு முறை மேலே மண் பூசிக்கொண்டே இருக்கவேண்டும். வேலை மிச்சம் என்று சிமெண்டுப் பூச்சுப் பூசினால் ஆபத்து. வெடிப்பின் வழியே உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றித் தங்கி, வெளியே சிமெண்டு மினுமினுக்க உள்ளே சுவர் கரைந்துவிடும். இதெல்லாம் தலைமுறை தலைமுறையாக மெக்ஸிக வம்சத்துக் குடும்பங்கள் அறிந்து வைத்திருந்த வித்தை. செங்கல் வாங்கப் பணம் இல்லாதவர்கள், காலடியில் கிடந்த மண்ணை எடுத்துத் தங்கள் கையால் கட்டிக்கொண்ட வீடுகள் அவை.

புதிதாக வந்த செல்வந்தர்களுக்கு இந்த மண் வீட்டின்மேல் மோகம் பிறந்தது. மண் வீடு நாகரிகமாயிற்று. நாகரிகமானதும் விலை உயர்ந்தது. 2017 வாக்கில் ஜில்லாவின் வரி மதிப்பீட்டாளர்கள் அடோபி வீடுகளைத் தனி இனமாகப் பிரித்து மதிப்பிடலானார்கள். சந்தையில் அவை அதிக விலைக்குப் போகின்றன என்பது காரணம். டெக்ஸாஸ் ராஜ்யத்தில் தனிமனிதர் வருமானத்துக்கு ராஜ்ய வரி கிடையாது. ஆதலால் பள்ளிக்கூடமும் ஜில்லா நிர்வாகமும் வீட்டு வரியையே பெரிதும் நம்பி இருக்கின்றன. பாட்டனார் மண் பிசைந்து கட்டிய வீட்டில் பேத்தி குடியிருக்கிறாள். அவள் வீட்டை விற்கவும் இல்லை, விற்க நினைக்கவும் இல்லை. எதிர்த் தெருவில் யாரோ ஒரு கோடீசுவரர் அதேமாதிரி மண் வீட்டைப் பெரும் விலைக்கு வாங்கியதற்காக, இவளுடைய வரி ஏறுகிறது.

சட்டத்தில் கொஞ்சம் தயவு இருக்கிறது. உரிமையாளரே குடியிருக்கும் வீட்டின் வரி மதிப்பை, வருஷத்துக்கு நூற்றுக்குப் பத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வருஷந்தோறும் நூற்றுக்குப் பத்து என்றால் எட்டாவது வருஷத்தில் இரட்டிப்பாகிவிடும் என்பதை வட்டிக்கணக்குப் போட்டவர்கள் அறிவார்கள். கூலி வேலை செய்பவரின் சம்பளம் எட்டு வருஷத்தில் இரட்டிப்பாகும் என்பதற்கு எந்தச் சட்டமும் இல்லை.

அந்த ஜனங்களுக்கு இது முதல் சோதனையும் அல்ல. 1909-இல் அதே அடோபிக் கல்லால் கட்டப்பட்ட பள்ளிக்கூடம் ஒன்று மார்ஃபாவில் இருக்கிறது. பிளாக்வெல் பள்ளிக்கூடம் என்று பிற்காலத்தில் அதற்குப் பெயர். மெக்ஸிக வம்சத்துக் குழந்தைகளுக்கென்றே அது ஒதுக்கப்பட்டிருந்தது. வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கு வேறு பள்ளிக்கூடம். வீட்டில் ஸ்பானிஷ் பேசும் அந்தக் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமே பேசவேண்டும். 1954-இல் ஒரு நாள் என்ன செய்தார்கள் தெரியுமா? குழந்தைகளை ஸ்பானிஷ் வார்த்தைகளைக் காகிதத் துண்டுகளில் எழுதச் சொன்னார்கள். அந்தத் துண்டுகளைப் பெட்டியில் வைத்து, கொடிக்கம்பத்தின் அருகே குழி வெட்டி, 'ஸ்பானிஷ் துரை'க்குச் சவ அடக்கம் நடத்தினார்கள். தாய்மொழியைத் தன் கையாலேயே எழுதி, தன் கண் முன்னால் புதைக்கப்படக் கண்ட குழந்தையின் உள்ளம் எப்படி இருந்திருக்கும் என்பதை, தாய்மொழியின் பெருமைக்காகப் பேசியும் எழுதியும் வந்திருக்கும் நம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை.

1965-இல் அந்தப் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. கட்டிடம் பாழாகிவிடாமல் காத்தவர்கள், அதில் படித்து வயோதிகரான பழைய மாணவர்களே. 2022 அக்டோபரில் அதைத் தேசிய சரித்திரச் சின்னமாக்கும் சட்டத்தில் ஜனாதிபதி பைடன் கையெழுத்திட்டார். 2024-இல் அது முறையாக அந்த ஸ்தானத்தைப் பெற்றது. பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றிய குடும்பங்கள் தங்கள் வீடுகளையும் அப்படிக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் மார்ஃபாவில் இன்றைய கேள்வி.

நண்பருக்கு இவ்வளவையும் எழுதினோம். "நான் ஒருவன் போவதாலா இத்தனையும் நடக்கப்போகிறது?" என்று அவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஜட்டும் ஒருவராகத்தான் போனார். அவர் கெட்ட எண்ணத்துடன் போனவர் அல்லர். அந்த ஊர் மண்ணை உள்ளூர் ஜனங்களைப்போலவே நேசித்தவர். ஹூஸ்டன் சம்பளத்தை வைத்துக்கொண்டு மார்ஃபாவில் விலை பேசுகிறவர், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மார்ஃபாச் சம்பளம் வாங்குகிறவரோடு ஏலத்தில் போட்டி போடுகிறார். அவ்வளவுதான் விஷயம்.

"அப்படியானால் இன்னும் தள்ளிப் போய்விடலாமே" என்றும் அவர் சொல்லலாம். தள்ளி இருப்பது வாலண்டைன். அங்கே 2020-இல் நூறு பேர்கூட இல்லை. தெற்கே நூறு மைலுக்கு அப்பால் டெர்லிங்குவா என்னும் ஊர். ஒரு காலத்தில் பாதரசம் தோண்டினார்கள். சுரங்கம் மூடியதும் பாழடைந்து பேய் ஊராகக் கிடந்தது. இன்று அங்கேயும் பிரயாணிகளுக்காக விடுதிகள் முளைத்துவிட்டன. தண்ணீரை லாரியில் கொண்டுவந்தும், கூரையில் விழும் மழையைத் தொட்டியில் சேர்த்தும் காலம் தள்ளுகிறவர்கள் அங்கே உண்டு.

இனி, வேண்டியவர் என்ற முறையில் சில வீட்டு விவகாரங்களையும் அவருக்கு எழுதினோம். ஆஸ்பத்திரி 26 மைலுக்கு அப்பால் ஆல்பைன் என்னும் ஊரில். பெரிய வைத்தியம் என்றால் எல் பாஸோவுக்கோ மிட்லண்டுக்கோ மூன்று மணி நேரம் காரில் போகவேண்டும். நண்பருக்கு வயது ஐம்பத்தைந்து. அவர் தாயாருக்கு எண்பது. ரயில் பாதை ஊர் நடுவே போகிறது. எந்த ரயிலுக்காக ஊர் பிறந்ததோ, அந்தப் பிரயாணி ரயில் இப்போது அங்கே நிற்பதில்லை. ஆல்பைனில் ஏறவேண்டும், அதுவும் வாரத்தில் மூன்று நாள்தான். வசந்த காலத்தில் காற்று ஓயாமல் அடிக்கும். காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2011 ஏப்ரலில் பார்த்தார்கள். மார்ஃபாவுக்கு மேற்கே பிடித்த தீ, அன்று மாலைக்குள் ஃபோர்ட் டேவிஸ் வரையில் ஓடி, இருபதுக்கு மேற்பட்ட வீடுகளை விழுங்கிற்று. அணைவதற்குள் 3 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்துபோயிற்று. வீடு பார்க்கப் போகிறவர்கள் இளவேனிற் காலத்து நல்ல நாள் ஒன்றில் போய், ஆகாயத்தைப் பார்த்துவிட்டு, முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். மார்ச் மாதம் முழுவதும் வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டுப் பிறகு பேசலாம் என்பது நம் யோசனை. வாடகைக்கு இருப்பதானாலும், பிரயாணிகளுக்கு விடும் விடுதியில் இல்லாமல், உள்ளூர்க்காரர் ஒருவருடைய வீட்டின் ஒரு பகுதியில் இருப்பது நல்லது. மண் பூசுவது எப்படி என்பதையாவது கற்றுக்கொள்ளலாம்.

ஊருக்குக் கிழக்கே ஒன்பது மைலில், 'மார்ஃபா வெளிச்சங்கள்' என்னும் அதிசயத்தைப் பார்ப்பதற்கென்று மேடை கட்டி வைத்திருக்கிறார்கள் என்பதையும் எழுதினோம். அடிவானத்தில் வெளிச்சப் புள்ளிகள் தோன்றும், ஆடும், மறையும். ஆவிகள் என்பார் சிலர். 2004-இல் பௌதிக மாணவர்கள் சிலர் சென்று நாலைந்து இரவு கணக்கெடுத்தார்கள். அவர்கள் கண்ட வெளிச்சங்கள் தூரத்து நெடுஞ்சாலையில் வரும் மோட்டார்களின் விளக்குகள் என்று தெரிந்தது. ஊரார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பார்க்க வருகிறவர்களும் ஒப்புக்கொள்ள விரும்புவதில்லை.

நண்பருடைய மனைவியாருக்குத் தனியாக ஒரு வரி எழுதினோம். கறிவேப்பிலைச் செடி உறைபனியைத் தாங்காது. தொட்டியில் வைத்து, குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஜன்னலோரம் வெயில் படும்படி வைத்துக்கொண்டால் பிழைக்கும். எதற்கும் ஹூஸ்டனிலிருந்து புறப்படும்போது கையோடு ஒரு கன்றை எடுத்துப்போவது நலம். அந்த அம்மாளிடமிருந்து உடனே பதில் வந்தது. கன்று வாங்கியாகிவிட்டதாம்; தொட்டியில் வைத்து ஹூஸ்டன் வீட்டு வாசலிலேயே வளர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். நண்பரிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை.